கிட்டார் வாங்கப் போறீங்களா? மரத்தைப் பற்றிக் கேட்கும் முன் கம்பி உயரத்தை அளந்து பாருங்க

ரூ.15,000க்குள் என்ன கிடைக்கும், கடையில் எதைச் சோதிக்க வேண்டும், செகண்ட் ஹேண்டில் எங்கே ஏமாறுவோம்: அடுகோடியில் தங்கி வேலை பார்க்கும் ஒருவருக்கான கணக்கு

அடுகோடி, லக்கசந்திரா, கோரமங்களா பக்கத்து பி.ஜி.க்களில் இது சகஜமான காட்சி. அலமாரிக்கு மேலே, டிராலி பெட்டிக்குப் பின்னால், தூசி படிந்த பைக்குள் ஒரு கிட்டார். வாங்கியவர் முதல் இரண்டு வாரம் யூடியூப் பார்த்து வாசித்திருப்பார். மூன்றாவது வாரம் விரல் நுனி எரிந்திருக்கும். நான்காவது வாரம் ஆபீஸில் ரிலீஸ் டென்ஷன். அதோடு சரி. யாராவது கேட்டால், "நமக்கு மியூசிக் எல்லாம் வராது ப்ரோ" என்பார்.

அவருக்கு மியூசிக் வருமா வராதா என்று தெரிய வாய்ப்பே வந்திருக்காது. ஏனென்றால் அந்தக் கிட்டாரை எடுத்து அளந்து பார்த்தால், பாதிக்கு மேல் கம்பிகள் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தில் பத்து வருஷம் வாசித்தவருக்கும் கை வலிக்கும். பட்ஜெட் கிட்டார் வாங்கும்போது எல்லோரும் பிராண்ட் கேட்கிறார்கள், மரம் கேட்கிறார்கள், கலர் கேட்கிறார்கள். 'ஆக்‌ஷன்' எவ்வளவு என்று கேட்பவர் மிகச் சிலர். ரூ.15,000க்குள் வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஆக்‌ஷன் என்றால் என்ன?

கிட்டாரின் கழுத்துப் பகுதியை நெக் என்கிறோம். அதன் மேல் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள் ஃப்ரெட். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் ஆக்‌ஷன். இதை அளப்பது 12-வது ஃப்ரெட்டில். பெரும்பாலான கிட்டார்களில் அந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும், எண்ண வேண்டியதில்லை.

ஸ்டீல் கம்பி போட்ட அக்கவுஸ்டிக் கிட்டாரில், தடித்த கம்பிக்குக் கீழே 2.4 முதல் 2.8 மி.மீ., மெல்லிய கம்பிக்குக் கீழே 1.6 முதல் 2 மி.மீ. இருந்தால் கைக்கு இதம். கடைக்கு ஸ்கேல் கொண்டுபோக வேண்டாம். உங்க பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ.; உலகம் முழுக்க இது ஒரே அளவு. எம்போஸ் எண்கள் இல்லாத பகுதியாகப் பார்த்து மூன்று கார்டுகளை அடுக்கினால் கிட்டத்தட்ட 2.3 மி.மீ. தடித்த கம்பியின் கீழே 12-வது ஃப்ரெட்டில் மூன்று கார்டு நுழைந்து, நான்காவது கார்டு கம்பியைத் தூக்கினால் உயரம் சரி. நான்கு கார்டும் சாவகாசமாக உள்ளே போய் இன்னும் இடம் இருந்தால், அது 3 மி.மீ.க்கு மேல். அதை அப்படியே வாங்கி வந்தால் மேலே சொன்ன அலமாரிதான் அதற்கு இடம்.

இந்த உயரம் மூன்று இடங்களால் தீர்மானமாகிறது. தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் சின்ன வெள்ளைப் பட்டை நட். உடம்புப் பக்கத்தில், பிரிட்ஜில் செருகியிருக்கும் இன்னொரு வெள்ளைப் பட்டை சேடில். மூன்றாவது, நெக் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. ஒரு ஆள் எடை இரவும் பகலும் அதன் மேல் இருக்கிற மாதிரி. அந்த இழுவையை எதிர்த்து நிற்க நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டுதான் ட்ரஸ் ராட். ஒரு ஆலன் கீ வைத்து அதைத் திருகினால் வளைவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ மாட்டி வாசித்துப் பாருங்க. சட்டென்று கைக்கு லேசானால், நட் உயரம். அதன் பள்ளங்களைக் கொஞ்சம் அரம் போட்டால் போதும். கேப்போ போட்டும் அதே கஷ்டம் என்றால், சேடில் அல்லது நெக். சேடிலைத் தேய்க்கும்போது ஒரு கணக்கு ஞாபகம் வையுங்க: 12-வது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டும் என்றால் சேடிலில் ஒரு மி.மீ. எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் வீட்டில் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்ததை ஒட்ட முடியாது. கடைக்காரரிடமே விடுவது நல்லது.

கிட்டார் கற்பவர்கள் கூட்டமாக விட்டுவிட்டுப் போகும் இடம் 'எஃப்' கார்ட். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் ஒரே சமயம் அழுத்த வேண்டும். நட் உயரமான கிட்டாரில் இதைச் செய்ய விரல் பலம் அல்ல, பளு தூக்கும் பலம் வேண்டும். எஃப் கார்ட் ஒரு மாதத்தில் வரவில்லை என்று கிட்டாரை ஓரம் கட்டியவர்கள், தயவுசெய்து அதை ஒரு ரிப்பேர் ஆளிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்க.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

கையில் ரூ.15,000 இருந்தால் ரூ.15,000 விலையுள்ள கிட்டாரைத் தேடாதீங்க. ரூ.11,000, 12,000க்குள் கிட்டாரை முடித்துவிட்டு மீதியைப் பிடித்து வையுங்க. அதில் முதல் செலவு செட்அப். நட், சேடில், நெக் மூன்றையும் உங்கள் கைக்கு ஏற்றபடி சரிசெய்து தருவதற்கு ரூ.1,000 சுற்றில் கேட்பார்கள். வாங்கும் கடையிலேயே பேசினால் பல இடங்களில் இலவசமாகவே செய்து தருவார்கள். தள்ளுபடி கேட்பதைவிட இதைக் கேட்பது லாபம். ரூ.500 குறைத்தால் அது அன்று இரவு பிரியாணியோடு முடிந்துபோகும்.

இரண்டாவது, நல்ல கம்பி செட் ஒன்று, ரூ.500 முதல் 900 வரை. கம்பிகளை அவற்றின் தடிமனை வைத்துச் சொல்வார்கள். 12 செட் என்றால் மிக மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. புதிதாகத் தொடங்குபவருக்கு 10 செட் போதும். இழுவை 60 கிலோ பக்கம் வந்துவிடும், விரலுக்குப் பெரிய நிம்மதி. சத்தம் கொஞ்சம் மெலியும். பி.ஜி.யில் அதுவும் நல்லதுதான்.

மூன்றாவது, கிளிப் ட்யூனர், கேப்போ, பஞ்சு வைத்த பை. மற்ற எதுவும் இப்போது தேவையில்லை. 'காம்போ ஆஃபர்' என்று பை, பெல்ட், பிக், ஸ்டாண்ட், புத்தகம் எல்லாம் சேர்த்து ரூ.3,000க்கு ஆன்லைனில் கிடைக்கிறதே என்றால், அந்த ரூ.3,000க்குள் கிட்டாருக்கு எவ்வளவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்க. மிக மலிவான சிலவற்றில் வேலை செய்கிற ட்ரஸ் ராடே இருக்காது. நெக் வளைந்தால் திருத்த வழி இல்லை.

'ஸ்ப்ரூஸ் டாப்' வேறு, 'சாலிட் டாப்' வேறு

கிட்டாரின் சத்தத்தில் பெரும்பங்கு மேல்பலகையுடையது. கம்பி அதிர்வதை வாங்கி, காற்றை அசைப்பது அந்தப் பலகைதான். பின்பக்கமும் பக்கவாட்டும் நிறம் சேர்க்கும், அவ்வளவே. அதனால் மேல்பலகை ஒரே மரத்துண்டா, ப்ளைவுட் போல மெல்லிய தகடுகளை ஒட்டியதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஒரே துண்டு என்றால் அது சாலிட் டாப். ஒட்டியது லாமினேட். சாலிட் பலகை வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்பார்கள். அதன் அதிர்வு அதிகம், ஒலி நீண்டு நிற்கும். லாமினேட் அப்படி அதிராது. பதிலாக வெயில், மழை, பஸ் பயணம் எல்லாவற்றையும் தாங்கும்.

விளம்பரத்தில் வார்த்தை விளையாட்டு உண்டு. 'ஸ்ப்ரூஸ் டாப்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் லாமினேட். சாலிட்டாக இருந்தால் 'சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்' என்று கொட்டை எழுத்தில் போடாமல் எந்தக் கம்பெனியும் விடாது. நேரில் கண்டுபிடிக்க, நடுவில் உள்ள வட்டத் துளையின் விளிம்பை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்க. மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பு வழியாக அப்படியே கீழே இறங்கினால் சாலிட். விளிம்பில் சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் லாமினேட். விளிம்பில் கறுப்புப் பெயின்ட் பூசி மறைத்திருந்தால்? பதில் உங்களுக்கே தெரியும்.

இதற்காக முதல் கிட்டாரே சாலிட் டாப்பாக வேண்டும் என்று கடன் வாங்கத் தேவையில்லை. செட்அப் சரியான லாமினேட் கிட்டார், செட்அப் கெட்ட சாலிட் டாப்பைவிட நூறு மடங்கு மேல். ஆனால் இரண்டும் சரியாக இருந்து காசும் இருந்தால், சாலிட் டாப்தான் காதுக்குத் தெரியும் ஒரே உண்மையான முன்னேற்றம். பளபளப்பு, கட்அவே, ஆரஞ்சு சன்பர்ஸ்ட் நிறம் எல்லாம் இன்ஸ்டாகிராமுக்கு.

நம்ம ஊர் ஈட்டி மரம்

கிட்டார் கடையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ரோஸ்வுட்'. இது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல. நீலகிரியிலும் குடகிலும் கேரளத்திலும் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். அமெரிக்காவில் 1833ல் தொடங்கிய மார்ட்டின் கம்பெனி, தன் புகழ்பெற்ற டி-28 கிட்டாரின் பின்பக்கத்துக்கு முதலில் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்த பிறகு, 1969 வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போன மரம் பென்சில்வேனியாவில் கிட்டாராகி, லட்சங்களில் விலை போட்டுக்கொண்டு நம்ம ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது.

பட்ஜெட் வாங்குபவருக்கு இதில் என்ன? 2017ல் ஈட்டி உள்ளிட்ட அந்த மர இனம் முழுவதும் அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு கிட்டாரையும் எல்லை தாண்டி அனுப்ப ஆவணம் தேவைப்பட்டது. 2019 கடைசியில் முழுமையாகத் தயாரான இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் விரல்பலகைக்கு வால்நட், லாரல் என்று மாறிவிட்டன. எனவே புது மாடலில் ரோஸ்வுட் இல்லை என்பது தரக்குறைவு அல்ல. மாறாக ரூ.4,000 கிட்டாரில் 'ஒரிஜினல் ரோஸ்வுட்' என்று போட்டிருந்தால், சாயம் பூசிய வேறு மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். சாயம் விரலில் ஒட்டுகிறதா என்று ஈரத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கலாம்.

எந்த மாடல் வாங்கலாம்?

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் கீழே வருவதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்க.

ரூ.5,000க்குக் கீழே: ஹுவாரெஸ், இன்டர்ன் மாதிரி ஆன்லைன் பிராண்டுகள், கொல்கத்தாவின் கிவ்சன். இவற்றில் நல்ல பீஸ் வரும், மோசமான பீஸும் வரும். ஒரே மாடலில் இரண்டு கிட்டார் ஒரே மாதிரி இருக்காது. நேரில் தொட்டுப் பார்க்காமல் இந்த விலையில் வாங்காதீங்க. கேடென்ஸ் இதற்குக் கொஞ்சம் மேல்.

ரூ.8,000 முதல் 12,000 வரை: இந்தக் கட்டுரையை வாசிக்கும் பெரும்பாலானவர்களின் இடம் இதுதான். யமஹா எஃப் 280, எஃப் 310, எஃப்.எஸ். 80சி, கோர்ட் ஏ.டி. 810, ஃபெண்டர் எஃப்.ஏ. 125. எல்லாமே லாமினேட். யமஹா சென்னைக்கு அருகே தொழிற்சாலை அமைத்து 2019ல் உற்பத்தியைத் தொடங்கியது. கீபோர்டுகளோடு அக்கவுஸ்டிக் கிட்டாரும் அங்கே செய்கிறார்கள். இதில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எஃப் 310. காரணம் சத்தம் அல்ல, சத்தத்தில் கோர்ட் சளைத்ததில்லை. எஃப் 310-ல் கம்பி நீளம் 634 மி.மீ.; வழக்கமான 650 மி.மீ.யைவிடக் குறைவு. அதனால் ஃப்ரெட்டுகள் கொஞ்சம் நெருக்கம், இழுவையும் கொஞ்சம் குறைவு. புதுக் கைக்கு அந்த 16 மி.மீ. பெரிய உதவி. அதோடு பீஸுக்குப் பீஸ் அதிகம் மாறாது, விற்கப் போனால் வாங்க ஆள் உண்டு. அதிகம் விற்கும் மாடலுக்குப் போலியும் வரும் என்பதால் பில், வாரன்டி கார்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

ரூ.20,000 சுற்றில்: யமஹா எஃப்.ஜி. 800, ஃபெண்டர் சி.டி. 60எஸ். இரண்டும் சாலிட் டாப். எஃப்.ஜி. என்ற வரிசையை யமஹா 1966லிருந்து செய்துவருகிறது. பட்ஜெட்டை மீறினாலும் இவற்றை மறக்க வேண்டாம், செகண்ட் ஹேண்ட் பகுதியில் திரும்ப வருவோம்.

உடம்பு அளவையும் பாருங்க. கடையில் தொங்கும் பெரும்பாலானவை 'ட்ரெட்நாட்'. 1906ல் பிரிட்டன் கடலில் இறக்கிய பெரிய போர்க்கப்பலின் பெயர் அது. 1916ல் மார்ட்டின் ஒரு பாஸ்டன் கம்பெனிக்காகச் செய்த பெரிய கிட்டாருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அகன்ற இடுப்பு, கனத்த சத்தம். சின்ன உடம்புக்காரர்களுக்கு வலது தோள் மேலே தூக்கிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் கழுத்து பிடிக்கும். எஃப்.எஸ். போன்ற சின்ன உடம்பு மாடல்கள் இதற்குத்தான். சில கடைகளில் அதை 'லேடீஸ் கிட்டார்' என்று நீட்டுவார்கள். அப்படி ஒன்று இல்லை. மெல்லிய சுவருள்ள அறையில் ராத்திரி பத்து மணிக்கு வாசிக்கும் ஆறடி ஆண்களுக்கும் அதுதான் பொருத்தம்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் இன்னொரு வழி. யமஹா சி 40 இதில் பரவலானது. விரல் வலி மிகக் குறைவு. ஆனால் நெக் அகலம், நட்டில் 52 மி.மீ.; ஸ்டீல் கம்பி கிட்டாரில் 43 மி.மீ. சுற்றில் இருக்கும். 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா' தொடக்கம்போல ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டும் ஆசை இருந்தால் அந்த அகலம் வசதி. நண்பர்களோடு மொட்டை மாடியில் பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்வதற்கு ஸ்டீல் கம்பி. ஒன்று மட்டும் செய்யாதீங்க: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடாதீங்க. அதன் பிரிட்ஜ் அந்த இழுவைக்குச் செய்ததல்ல, பிய்ந்து வரும்.

பிக்அப் வைத்த எலக்ட்ரோ அக்கவுஸ்டிக்? மேடையில் வாசிக்கும் வரை தேவையில்லை. அதே விலைக்கு பிக்அப் இல்லாத கிட்டாரில் மரமும் வேலைப்பாடும் ஒரு படி மேலே கிடைக்கும்.

கடையில் 20 நிமிடம்

அடுகோடியிலிருந்து கடை தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். போஷ் வளாகத்தைத் தாண்டிக் கோரமங்களா பக்கமோ, வில்சன் கார்டன் வழியாக ஊருக்குள்ளேயோ போனால் இசைக்கருவிக் கடைகள் உண்டு. மும்பையில் 1865ல் தொடங்கிய ஃபர்டாடோஸுக்கு பெங்களூருவிலும் கிளை இருக்கிறது. ஊருக்குப் போகும்போது சென்னை வழி என்றால், அண்ணா சாலையில் 1842லிருந்து இருக்கும் மியூஸி மியூசிக்கலையும் பார்த்துவிட்டு வரலாம். ஞாயிறு மாலை போகாதீங்க. பக்கத்தில் யாரோ ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருப்பார், உங்க காதுக்கு ஒன்றும் கேட்காது. வேலை நாளில் காலையில் கடை திறந்ததும் போனால், கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும்.

வாசிக்கவே தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் ட்யூன் செய்யச் சொல்லுங்க, உங்க மொபைலிலும் ஒரு இலவச ட்யூனர் ஆப் வைத்துக்கொள்ளுங்க. தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து 12-வது வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்க. ஆறு கம்பி, பன்னிரண்டு ஃப்ரெட், 72 ஸ்வரம். ஐந்து நிமிஷம் ஆகும். எங்காவது 'கிர்ர்' என்று அதிர்ந்தால் அல்லது சத்தமே செத்துப்போனால், அந்த இடத்தில் ஃப்ரெட் சமமில்லை. கடைக்காரர் "பழகப் பழகச் சரியாயிடும் சார்" என்பார். ஆகாது. அடுத்த பீஸை எடுக்கச் சொல்லுங்க.

அடுத்தது சுருதி. ஒரு கம்பியைச் சும்மா மீட்டி ட்யூனரில் பாருங்க. அதே கம்பியை 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே, முள் நடுவிலேயே நிற்க வேண்டும். முள் வலப்பக்கம் நன்றாகத் தள்ளிப் போனால், மேலே போகப் போக அந்தக் கிட்டார் சுருதி விலகும். கம்பி உயரமாக இருந்தாலும் இது நடக்கும், செட்அப் செய்தால் சரியாகலாம். உயரம் சரியாக இருந்தும் விலகினால் பிரிட்ஜ் ஒட்டிய இடமே தப்பு. அதற்கு மருந்து இல்லை.

கையை நெக்கின் ஓரமாக மேலும் கீழும் தடவுங்க. ஃப்ரெட் முனைகள் ரம்பம் மாதிரி கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. நெக்கைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்க, முறுக்கியிருக்கக் கூடாது. ட்யூனிங் சாவிகளைத் திருகிப் பாருங்க, தளர்வாகச் சுற்றக் கூடாது. கடைசியாக ஏ.டி.எம். கார்டு சோதனை. உயரம் கொஞ்சம் கூட என்றால், "ஆக்‌ஷன் ஸ்வல்ப கம்மி மாடி கொடி அண்ணா" என்று கன்னடத்தில் கேளுங்க. அடுகோடி பக்கம் தமிழிலேயே பதில் வரும், ஆனால் கேட்ட விதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கடைப் பையன் ஒருவர் வாசித்துக் காட்டும்போது நீங்க எதிரே நின்று கேளுங்க. கிட்டார் சத்தம் முன்பக்கம்தான் போகும், மடியில் வைத்திருப்பவருக்குக் கேட்பது பாதி.

ஆன்லைனில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்க, மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் வந்த அன்றே செய்யுங்க. ரிட்டர்ன் தேதி போன பிறகு நெக் வளைவு பற்றிப் பேசிப் பயனில்லை.

செகண்ட் ஹேண்ட்: பெங்களூருவின் பெரிய வசதி

இந்த ஊரில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். ஆன்சைட் கிடைத்தவர், கல்யாணமாகி ஊர் திரும்புபவர், வேலை மாறி ஹைதராபாத் போகிறவர். போகும்போது சோபா, சைக்கிள், கிட்டார் மூன்றையும் விற்கிறார்கள். ஓ.எல்.எக்ஸ்., அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப், ஆபீஸ் உள்விளம்பரம் எல்லாவற்றிலும் இது வரும். ஆரம்பத்தில் சொன்ன அலமாரிக் கிட்டார்கள்தான் இவை. சரியாக வாசிக்கவே படாதவை. ரூ.20,000 விலையுள்ள எஃப்.ஜி. 800 போன்ற சாலிட் டாப் இங்கே ரூ.15,000 பட்ஜெட்டுக்குள் சிக்க வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால், பொறுமையுள்ளவருக்கு இதுதான் முதல் வழி, புதுசு இரண்டாவது.

ஆனால் நான்கு இடம் பார்க்க வேண்டும். பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை நுழைத்துப் பாருங்க. உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்திருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை தொப்பை போட்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்க. லேசான புடைப்பு சகஜம், குன்று மாதிரி எழும்பியிருந்தால் விடுங்க. தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடத்தில் முடிபோல விரிசல் உண்டா என்று டார்ச் அடியுங்க. கீழே விழுந்த கிட்டார் உடைவது அங்கேதான்.

நான்காவதுதான் முக்கியம். கம்பி உயரமாக இருக்கிறது, சேடிலோ பிரிட்ஜுக்கு மேலே ஒரு மி.மீ. கூடத் தெரியவில்லை. அப்படியென்றால் யாரோ ஏற்கெனவே முடிந்தவரை தேய்த்துவிட்டார்கள், அப்படியும் இறங்கவில்லை. நெக் உடம்போடு சேரும் கோணமே மாறிவிட்டது. அதைக் கழற்றித் திரும்ப ஒட்டும் செலவு, இந்த விலைக் கிட்டாரின் விலையைத் தாண்டும். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கம்பி துருப்பிடித்திருப்பது, தூசி, சின்னக் கீறல், ட்யூனிங் சாவி ஒன்று தளர்வு, இவை எல்லாம் விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணங்கள். பயப்பட எதுவும் இல்லை.

காற்றும் பஸ்ஸும்

கிட்டார் மரத்துக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம். பெங்களூருவில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மதியக் காற்று அதைவிட வெகுவாக வறண்டுவிடும். மரம் சுருங்கும், ஃப்ரெட் முனை வெளியே நீட்டும், சாலிட் டாப்பில் விரிசல் கூட விழலாம். சுவரில் ஆணி அடித்து அழகுக்கு மாட்டுவதை இந்த மாதங்களில் தவிருங்க, குறிப்பாக மொட்டை மாடி ஒற்றை அறைகளில். பைக்குள் வைத்து, ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் ஒன்றைக் கூடவே போடுங்க. தண்ணீர் சொட்டக் கூடாது. மழைக்காலத்தில் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா பாக்கெட்டுகளைப் போடலாம். அப்போது மரம் ஊதிக் கம்பி கொஞ்சம் உயரும். ஆகஸ்டில் திடீரென்று விரல் வலித்தால் காரணம் இதுதான். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் நீங்களாகத் திருகாதீங்க.

சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ ஊருக்கு எடுத்துப் போனால் எதிரி வியர்வையும் உப்புக் காற்றும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்தால், மூன்று மாதத்தில் போகிற கம்பி ஐந்து மாதம் வரும். ராத்திரி பஸ்ஸில் கீழே லக்கேஜ் பெட்டியில் போடாதீங்க. சூடும் குலுக்கலும் பிரிட்ஜ் பசையை இளக்கிவிடும். கம்பிகளை ஒன்றிரண்டு ஸ்வரம் இறக்கிவிட்டு, ஸ்லீப்பர் பெர்த்தில் கால்மாட்டில் படுக்க வையுங்க. ஓசூர் தாண்டும்போது கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டால், அது உங்க சாமர்த்தியம்.